தொட்டியில் காய்கறி: தண்ணீர் ஊற்றியே செடியைக் கொல்லாமல் இருக்க

நான் முதன்முதலில் வைத்த கத்தரிச் செடி ஒரு பழைய பக்கெட்டில் இருந்தது. அடியில் ஓட்டை போட மறக்கவில்லை, வேண்டாம் என்றுதான் விட்டேன். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் வீணாகாமல் செடிக்கே போகட்டும் என்று கணக்கு. மூன்றாவது வாரத்தில் கீழ் இலைகள் மஞ்சளாயின. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு சொம்பு ஊற்றினேன். செடி துவண்டது. இன்னும் ஒரு சொம்பு. கடைசியில் பிடித்து இழுத்தபோது சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேர் பழுப்பேறி, வழவழவென்று, சாக்கடை நாற்றம் அடித்தது.

தொட்டியில் காய்கறி போடத் தொடங்குபவர்கள் பூச்சியைத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை, புதியவர்களின் செடிகளைப் பூச்சியைவிட அதிகமாகச் சாகடிப்பது அன்புதான். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, மனசு கேட்காமல் நடுவில் ஒரு முறை என்று ஊற்றுகிற தண்ணீர். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில்தான் அதற்கான காற்று இருக்கிறது. அங்கே எந்நேரமும் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் சேற்றில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். வாடுவதைப் பார்த்து நாம் மறுபடியும் சொம்பைத் தூக்குவோம்.

எனவே ஊற்றும் முன் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் தட்டுப்பட்டால் இன்றைக்கு வேண்டாம். மேல் மண் காய்ந்து தெரிவதை நம்பக் கூடாது. சிறிய தொட்டி என்றால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். தண்ணீர் குடித்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள எடை வித்தியாசம் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். உச்சி வெயிலில் இலை தொங்குவதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். அகல இலைச் செடிகள் பல, வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக நீரை விடுவதால் மதியத்தில் துவண்டு, சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இதற்கு நேரெதிரான ஏமாற்று ஒன்றும் உண்டு. இரண்டு மூன்று நாள் மறந்துபோய் மண் நன்றாகக் காய்ந்துவிட்டால், அது சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகும். அப்போது ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி அடி ஓட்டையில் ஓடிவிடும். 'அடியில் வந்துவிட்டது, போதும்' என்று நினைப்போம். நடுமண் வெறும் தூசியாக இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் தொட்டியை ஒரு வாளி அல்லது அகலத் தட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். அப்புறம் எடுத்து வடிய விட்டுவிடலாம். மண்ணின் மேல் காய்ந்த சருகை இரண்டு அங்குல மூடாக்காகப் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஓட்டை போட்டாயிற்று. அடுத்து, எல்லோரும் சொல்வது: அடியில் சரளைக் கல்லோ ஓட்டுச்சில்லோ போட்டால் தண்ணீர் நன்றாக வடியும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடப்பது வேறு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டி முடித்து நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் தண்ணீர் சொட்டும். எவ்வளவு வடிந்தாலும், நுண்ணிய துளைகள் கொண்ட பொருளின் அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை தண்ணீர் தேங்கியே நிற்கும். தொட்டி மண்ணும் அப்படித்தான். கீழே கல் பரப்பினால் அந்தத் தேக்கம் மறைவதில்லை. கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும். வேருக்கு இருந்த இடமும் குறைந்துபோகும். மண் ஓட்டை வழியாகக் கொட்டாமல் இருக்க ஒரு துண்டு வலையோ ஒரே ஒரு ஓட்டுச்சில்லோ போதும். ஆழமான தொட்டி ஏன் நல்லது என்பதும் அந்த ஸ்பாஞ்சிலேயே தெரிந்துவிடும்.

மண் விஷயத்துக்கு வருவோம். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளி நிரப்பக் கூடாது. நிலத்தில் மண்புழுவும் பூச்சியும் வேர்களும் அதைப் பொலபொலவென்று வைத்திருக்கும். தொட்டிக்குள் வந்த பிறகு நாலு தடவை தண்ணீர் ஊற்றினால் இறுகிச் செங்கல் ஆகிவிடும். மண், தென்னை நார்க்கழிவு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், மூன்றும் சம பங்கு என்று தொடங்கினால் தப்பு வராது. நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேருங்கள், அதில் உப்பு இருக்கும். வெறும் நார்க்கழிவை மட்டும் நிரப்பிவிட்டு 'செடி வளரவே இல்லையே' என்பவர்களும் உண்டு. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், சத்து கொடுக்காது. மக்காத சாணத்தைச் சேர்த்தால் அது மக்கும்போது சூடேறி இளவேரைக் கருக்கும்.

தொட்டியின் அளவில் ஆசைக்கும் இடத்துக்கும் சண்டை வரும். கீரைக்கு 6 அங்குல ஆழம் போதும். மிளகாய், கத்தரிக்கு ஒரு செடிக்கு 10 முதல் 15 லிட்டர், தக்காளிக்கு 20 லிட்டர், பாகல், பீர்க்கு போன்ற கொடிகளுக்கு இன்னும் பெரிதாக வேண்டும். ஒரு தொட்டியில் மூன்று தக்காளி நட்டால் மூன்று மடங்கு காய்க்காது. மூன்றும் ஒன்றோடொன்று போட்டி போட்டு நோஞ்சானாக நிற்கும். விதை நெருக்கமாக முளைத்துவிட்டால் நல்ல நாற்றை விட்டுவிட்டு மற்றதைக் கலைக்கத்தான் வேண்டும். முளைத்ததைப் பிடுங்க மனசு வராது, எனக்கும் வராது. பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடாது, நமக்கும் கொஞ்சம் குற்ற உணர்வு குறைவு. முள்ளங்கி, கேரட் இரண்டையும் நாற்று விட்டு மாற்றி நடாதீர்கள். வேர் நுனி அடிபட்டால் கிழங்கு கிளைவிட்டு இரட்டைக் காலோடு வரும்.

பெரிய தொட்டிகளை மாடியில் வரிசையாக அடுக்கும் முன் ஒரு கணக்கு: மண் கலந்த 20 லிட்டர் தொட்டி நனைந்த பிறகு 25 கிலோவைத் தொடலாம். இருபது தொட்டி வைத்தால் அரை டன். சுவரோரமாகவும் தூண்களுக்கு மேலாகவும் வைப்பது நல்லது.

வெயில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காய் காய்க்கிற செடிக்கு நேர் வெயில் 6 மணி நேரமாவது வேண்டும், கீரைக்கு 3 அல்லது 4 மணி நேரத்தில் சமாளிக்கலாம். வெளிச்சம் நன்றாகத்தானே இருக்கிறது என்று சன்னலோரத்தில் தக்காளியை வைத்தால் ஒல்லியாக, நெட்டையாக வளர்ந்து சாயும்.

உரத்திலும் அதே அன்புப் பிரச்சினைதான். தண்ணீர் ஊற்ற ஊற்றத் தொட்டியிலிருந்து சத்து கரைந்து வெளியேறும் என்பது உண்மை. அதற்காக ஒரே நாளில் ஒரு பிடி யூரியா போட்டால் இலையோரம் கருகும். கருகாமல் தப்பினாலும், தழைச்சத்து மிகுந்து செடி கரும்பச்சையாகப் புதர் மாதிரி வளருமே தவிர பூக்காது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை கொஞ்சமாக, அதுவும் ஈர மண்ணில் கொடுப்பதே சரி. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் போல் ஆவதைப் பார்த்ததும் கால்சியம் குறைவு என்று முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவார்கள். குறைவது கால்சியம்தான், ஆனால் பெரும்பாலும் மண்ணில் அல்ல, காய்க்குள். ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று ஊற்றினால் தண்ணீரோடு ஏற வேண்டிய கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது. முட்டை ஓடு மக்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் அந்தத் தக்காளியின் ஆயுளே முடிந்துவிடும். சீராகத் தண்ணீர் விடுங்கள், அடுத்து வரும் காய்கள் சரியாகிவிடும்.

பூ உதிர்கிறதே என்று பதறி உரத்தை அள்ளுவது இன்னொன்று. பூசணி, பாகல் போன்ற கொடி வகைகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ, அது ஒரு நாள் விரிந்து உதிரத்தான் செய்யும். பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் போல் இருந்தால் அது பெண் பூ. அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். தேனீ வராத இடமென்றால் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பூசணி, வெள்ளரி, பாகல் காலையில் விரியும். சுரையும் பீர்க்கும் மாலையில்தான் விரியும். இது தெரியாமல் தினமும் காலையில் சுரைப் பூவோடு போராடிக்கொண்டிருந்தேன் ஒரு பருவம் முழுக்க.

பூச்சியைப் பற்றி இரண்டே வார்த்தை. இலையின் அடிப்பக்கத்தைத் தினம் திருப்பிப் பாருங்கள், அசுவினியும் வெள்ளை ஈயும் அங்கேதான் குடியேறும். ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே விரட்டலாம். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்தால்தான் தண்ணீரோடு சேரும், வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

அப்புறம், காய்த்ததைப் பறிக்காமல் அழகு பார்ப்பது. வெண்டை பூத்த ஐந்தாறு நாளில் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். 'இன்னும் கொஞ்சம் பெரிசாகட்டும்' என்று விட்டால் நாரேறி முற்றும். காயை முற்றவிட்டால் விதை முதிர்வதிலேயே செடி சத்தைச் செலவழித்துப் புதிய பூவைக் குறைத்துக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போகிறோம் அல்லவா, காயையும் பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள்.