மூளைக்கட்டி அறிக்கையில் ஐடிஎச் முடிவைப் படித்தறிவது எப்படி?

மூளைக்கட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் நோய்க்குறியியல் அறிக்கையில் பெரும்பாலோர் முதலில் தேடுவது கட்டியின் தரநிலை எண்ணைத்தான். கட்டி கிளியோமா (மூளையின் நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் கிளியல் செல்களை ஒத்த செல்களாலான கட்டி) வகையைச் சேர்ந்ததாக இருந்தால், அதற்கும் முன்பாக ‘ஐடிஎச்’ என்ற சொல் வரும் வரியைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, பெரியவர்களுக்கு வரும் பரவல் கிளியோமாக்களின் (சுற்றியுள்ள மூளைத் திசுவுக்குள் ஊடுருவிப் பரவும் கிளியோமாக்களின்) பெயரிலேயே அந்த முடிவு இடம்பெறுகிறது.

ஐசோசிட்ரேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியின் சுருக்கமே ஐடிஎச். வளர்சிதைமாற்றத்தில் ஐசோசிட்ரேட்டை ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றுவது இதன் இயல்பான வேலை. கிளியோமாக்களில் மிகத் தீவிரமான கிளியோபிளாஸ்டோமா கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் 2008இல் ஐடிஎச்1 மரபணுவில் திடீர்மாற்றங்களைக் கண்டனர். மாறிய நொதி வெறுமனே செயலிழந்து போவதில்லை என்பதும், ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டை 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற வேறொரு பொருளாக மாற்றத் தொடங்குகிறது என்பதும் 2009இல் தெரியவந்தது. செல்லுக்குள் குவியும் இப்பொருள், டிஎன்ஏவிலும் அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் உள்ள, மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் மெத்தில் குறிகளை நீக்கும் நொதிகளைத் தடுக்கிறது. அதனால் முதிர்ச்சிக்குத் தேவையான மரபணுக்கள் அடைபட்டு, செல் முதிராமலேயே பெருகுகிறது.

அறிக்கையில் ‘ஆர்132எச்’ என்று இருந்தால், அந்த நொதியின் 132ஆம் இடத்தில் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அமர்ந்திருக்கிறது என்று பொருள். கிளியோமாக்களில் காணப்படும் ஐடிஎச்1 மாற்றங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் இதுவே. ‘நெகட்டிவ்’ என்று இருந்தால்தான் மிகுந்த கவனம் தேவை. ஐஎச்சி என்னும் சாயச் சோதனை ஆர்132எச் ஒன்றை மட்டுமே காட்டும். ஐடிஎச்1இன் பிற மாற்றங்களும், ஐடிஎச்2இன் மாற்றங்களும் அதில் அகப்படமாட்டா. நோயாளி 55 வயதுக்கு உட்பட்டவராக இருந்து, சாயச் சோதனை மட்டுமே செய்யப்பட்டிருந்தால், மரபணு வரிசையாக்கம் (மரபணுவின் எழுத்துகளை நேரடியாகப் படிக்கும் சோதனை) செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அதற்கு அறுவையில் எடுத்த திசுவின் பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்துப் பாதுகாத்த திசுத்துண்டு) தேவைப்படும் என்பதால், அது எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றம் உறுதியானால் அடுத்துப் பார்க்கவேண்டியது 1பி/19க்யூ முடிவு (1ஆம் குரோமோசோமின் ‘பி’ கரம், 19ஆம் குரோமோசோமின் ‘க்யூ’ கரம்). அவ்விரு குரோமோசோம் பகுதிகளும் சேர்ந்து இழக்கப்பட்டிருந்தால் அது ஆலிகோடெண்ட்ரோகிளியோமா என்ற கிளியோமா வகை, இல்லையென்றால் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற வகை. பொதுவாக, ஐடிஎச் மாற்றமுள்ள கிளியோமாக்கள் மாற்றமில்லாதவற்றைவிட மெதுவாக வளர்கின்றன. இந்த மாற்றம் மிகப் பெரும்பாலும் கட்டியின் செல்களில் மட்டுமே தோன்றுவது, பெற்றோரிடமிருந்து வருவதன்று. எனவே பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று குடும்பத்தினர் அஞ்சவேண்டியதில்லை.

சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது வோராசிடெனிப் என்ற மருந்து பொருந்துமா என்று கேட்கலாம். மாறிய ஐடிஎச்1, ஐடிஎச்2 நொதிகளைத் தடுக்கும் இந்த மாத்திரை, இரத்தத்திலுள்ள பல பொருட்கள் மூளைக்குள் புகாமல் தடுக்கும் இரத்த-மூளைத் தடையைக் கடந்து செல்லக்கூடியது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சோ கீமோதெரபியோ பெறாத, 2ஆம் தரநிலைக் கட்டியுள்ள 331 பேரிடம் நடந்த இண்டிகோ ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் மருந்து பெற்றவர்களுக்கு 27.7 மாதங்களாகவும், போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 11.1 மாதங்களாகவும் இருந்தது. அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2024 ஆகஸ்டில் இதற்கு ஒப்புதல் அளித்தது. கதிர்வீச்சையும் கீமோதெரபியையும் தள்ளிப்போட இது வழிசெய்கிறது என்பதே என் பார்வையில் இதன் பெரும்பயன். ஆனால் கட்டியை அடியோடு அழிக்கும் மருந்தாக இதைக் கருதக்கூடாது. 3, 4ஆம் தரநிலைக் கட்டிகளுக்கு அந்த ஆய்வின் முடிவை அப்படியே பொருத்திப் பார்ப்பதும் சரியன்று.

மருந்தைத் தொடங்கினால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனையை முதல் இரண்டு மாதங்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறையும், பின்னர் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் தவறாமல் செய்யவேண்டும். கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து இது. ஹார்மோன் கருத்தடை மாத்திரைகளின் வீரியத்தையும் குறைக்கலாம் என்பதால், எந்தக் கருத்தடை முறை ஏற்றது என்பதை முதல் மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் பேசி முடிவுசெய்யுங்கள்.