போட்டி ஏலத்தில் ஏறுவதா, நிறுத்துவதா: டோர்னமென்ட் பிரிட்ஜ் ஆடுவோருக்கு

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில், பெரிய சீட்டுகளின் புள்ளிகள் எல்லாம் ஒரு தரப்பிடம் குவிந்திருக்கும் ஆட்டங்களை யாரும் சரியாகவே ஏலம் கேட்டுவிடுவார்கள். டோர்னமென்ட்டில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை, புள்ளிகள் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்து, இரு தரப்பும் தத்தம் துருப்புக்காக (மற்ற இனங்களை வெல்லும் சீட்டு இனத்துக்காக) ஏலத்தில் ஏறிக்கொண்டே போகும் ஆட்டங்கள்தான். அங்கே புள்ளிகளுக்கு முன்பாக எண்ண வேண்டியவை துருப்புகள்.

இதற்கு அடிப்படை, பிரான்ஸைச் சேர்ந்த ழான்-ரெனே வெர்ன் 1960-களில் எழுதி விளக்கிய கணக்கு. நம் தரப்பின் துருப்புகளையும் எதிர்த்தரப்பின் துருப்புகளையும் கூட்டினால் வரும் எண், அவரவர் துருப்பில் இரு தரப்பும் எடுக்கக்கூடிய ட்ரிக்குகளின் (ஒரு ட்ரிக் என்பது நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இடும் சுற்று) மொத்தத்திற்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும். நமக்கு 9 ஸ்பேட், அவர்களுக்கு 9 ஹார்ட், யாரும் வல்னரபிள் (அபராதமும் போனஸும் கூடும் நிலை) இல்லை, அவர்கள் 3 ஹார்ட் (6-க்கு மேல் 3, அதாவது 9 ட்ரிக்) கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18. அவர்களுக்கு 10 ட்ரிக் கிடைக்குமானால் நமக்கு 8. 170 மதிப்பெண் கொடுப்பதற்குப் பதில் 3 ஸ்பேடில் ஒன்று குறைந்து 50 கொடுக்கிறோம், அவர்கள் டபுள் செய்தாலும் (நாம் தோற்போம் என்று பந்தயத்தை உயர்த்தினாலும்) 100தான். இருவருக்கும் 9 என்றால் 140 இழப்பதற்குப் பதில் 140 பெறுகிறோம். ஆகவே 3 ஸ்பேட் கேட்பதே சரி. இரு தரப்பிலும் 8 துருப்புகளே இருந்தால் மொத்தம் 16. ஆளுக்கு 8 ட்ரிக் என்னும் நிலையில் அவர்களின் 3 ஹார்ட்டே தோற்கும், அதைக் காப்பாற்றி நாம் 3 ஸ்பேடுக்குப் போய்த் தோற்பது வீண்.

இந்தக் கணக்கு தெரிந்த பலரும் தவறுவது நேரத்தில்தான். எதிராளி 1 ஹார்ட், பார்ட்னர் 1 ஸ்பேட், அடுத்தவர் 2 ஹார்ட். உங்களிடம் ஸ்பேடில் ராணி-9-7-4, ஹார்ட்டில் 6-3, டயமண்டில் ராஜா-8-5-2, கிளப்பில் ஜாக்கி-7-4. பார்ட்னரிடம் குறைந்தது 5 ஸ்பேட் இருக்கும் என்பதால் 9 துருப்பு உறுதி. 2 ஸ்பேட் கேட்டுவிட்டு, அவர்கள் 3 ஹார்ட் வந்தபின் 3 ஸ்பேட் கேட்பதைவிட, முதல் வாய்ப்பிலேயே 3 ஸ்பேட் கேளுங்கள். தங்கள் பலத்தை நிதானமாக அளந்துகொள்ள அவர்களுக்கு இடம் கிடைக்காது. கேட்டபின் மீண்டும் ஏறாதீர்கள். உங்கள் கையை ஒரே ஏலத்தில் சொல்லி முடித்துவிட்டீர்கள். இனி முடிவு பார்ட்னருடையது.

அதே கையில் டயமண்ட் ராஜா இல்லாமல் ஹார்ட்டில் ராணி-ஜாக்கி இருந்தால் 2 ஸ்பேடோடு நிற்பது நல்லது. எதிராளியின் சூட்டில் (சீட்டு இனத்தில்) உள்ள ராணியும் ஜாக்கியும் அவர்கள் ஆடும்போது ஒரு ட்ரிக்கைத் தரலாம், நாம் ஆடும்போது பெரும்பாலும் பயன்படா. அத்தகைய கைகளில் மொத்தம் கணக்கைவிடக் குறைந்துவிடும்.

ஆட்டத்தின் வகையும் முடிவை மாற்றும். டீம் ஆட்டத்தில் (மதிப்பெண் வித்தியாசத்தை இம்ப் என்னும் அலகாக மாற்றிக் கணக்கிடும் அணி ஆட்டம்) வல்னரபிளான எதிரணி 4 ஹார்ட் கேட்க, வல்னரபிள் அல்லாத நீங்கள் தோற்பது தெரிந்தே 4 ஸ்பேடைத் தியாகமாகக் கேட்டு, டபுளில் மூன்று குறைகிறீர்கள் என்றால், 620-க்குப் பதில் 500 கொடுத்து 3 இம்ப் மிச்சப்படுத்துகிறீர்கள். ஒரே ஒரு ட்ரிக் இடம் மாறி, அவர்களின் 4 ஹார்ட் ஒன்று குறைந்து தோற்பதாக இருந்தால், வரவேண்டிய 100 போய் 300 கொடுக்கிறீர்கள். இழப்பு 9 இம்ப். மூன்றைப் பெற ஒன்பதைப் பணயம் வைக்கும் இந்தத் தியாகத்தை டீம் ஆட்டத்தில் நான் செய்வதில்லை. பேர்ஸ் ஆட்டத்தில் (ஜோடிகளுக்கிடையே ஆடுவது) வித்தியாசத்தின் அளவு பொருட்டல்ல, எத்தனை மேசைகளை முந்தினோம் என்பதே பொருட்டு. அங்கே அதையே தயங்காமல் கேட்கலாம்.

டபுளுக்கும் இதே அளவுகோல்தான். வல்னரபிள் எதிரணியை டபுள் செய்து ஒன்று குறைத்தால் வரும் 200, பேர்ஸில் ஏறத்தாழ எந்தப் பார்ட்-ஸ்கோரையும் (பெரிய போனஸ் தரும் ‘கேம்’ அளவை எட்டாத ஏலத்தின் மதிப்பெண்) மிஞ்சும். டீம் ஆட்டத்திலோ, வல்னரபிள் இல்லாத எதிரணி டபுளோடு 3 ஹார்ட்டை முடித்துவிட்டால் 140-க்குப் பதில் 530 எழுத வேண்டிவரும்.

ஏலத்தின் ஐந்தாம் படியில் (11 ட்ரிக்) மேலும் ஏறாமல் எதிராளியை அங்கேயே ஆடவிடுவதே வழக்கமான தேர்வாக இருக்கட்டும். நம் தரப்புக்கே பலம் அதிகம் என்று ஏலத்திலேயே தெளிவாகியிருந்தால், பாஸ் செய்வது ‘நீங்களே முடிவெடுங்கள்’ என்று பார்ட்னரிடம் ஒப்படைப்பதாகும். டபுள் ‘மேலே போக வேண்டாம்’ என்பதாகும். இந்தப் பாஸ் எந்தெந்த ஏலங்களில் பொருந்தும் என்பதை மேசைக்கு வருமுன் இருவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். நீண்ட யோசனைக்குப் பின் வரும் பாஸ் பார்ட்னரின் கையைக் கட்டிவிடும்: அந்தத் தயக்கம் சுட்டும் வழியை, நியாயமான வேறு வழி இருக்கும்போது அவர் தேர்ந்தெடுக்கச் சட்டம் இடம் தராது. எனவே, 4 ஸ்பேட் கேட்கும்போதே அவர்கள் 5 ஹார்ட் வந்தால் என்ன செய்வது என்பதையும் மனத்தில் முடித்துக்கொண்டு கேளுங்கள்.