கீழாநெல்லி அரைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்: நாம வழக்கமா பண்ற தப்புங்க

எங்க பெரியப்பாவுக்கு கண்ணு மஞ்சளா இருக்குன்னு மொதல்ல சொன்னது டீக்கடைக்காரர்தான். அன்னைக்கு சாயங்காலமே வரப்புல போய் கீழாநெல்லி பறிச்சு வந்து, மறுநாள் காலைல அம்மில வெச்சு அரைச்சு, கொட்டைப்பாக்கு அளவு உருட்டி ஒரு டம்ளர் மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடுத்தாச்சு. மூணு நாள்னு ஆரம்பிச்சது ஏழு நாள் ஆச்சு, அப்புறம் பக்கத்து ஊர்ல ஒருத்தர் பச்சிலை மருந்து தர்றார்னு அங்க போனாங்க, உப்பில்லாத கஞ்சி, எண்ணெய் கிடையாது, இப்படியே ஆறு வாரம் ஓடிப் போச்சு. அந்த ஆறு வாரமும் மனுஷனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரில எந்திரிச்சு முதுகை சுவத்துல தேய்ச்சுக்கிட்டு நிப்பாரு. மோஷன் வெள்ளையா சுண்ணாம்பு கரைச்ச மாதிரி போயிருக்கு, அதை வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லவே இல்ல. கடைசில ஒருநாள் குளிர்ஜுரம் வந்து கட்டிலே ஆடுற அளவுக்கு நடுங்கினப்பதான் தூக்கிக்கிட்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்தா பித்தப்பைல இருந்த கல்லு இறங்கி வந்து பித்தக்குழாயை அடைச்சிட்டு நிக்குது, உள்ள சீழ் பிடிச்சு ரத்தத்துலயும் கிருமி கலந்துருச்சு. வாய் வழியா குழாய் விட்டு கல்லை எடுத்தாங்க, நல்லவேளை பொழைச்சுட்டாரு.

அதனால கீழாநெல்லி மேல எனக்கு கோபம்னு நினைச்சுடாதீங்க. எங்க வீட்ல இப்பவும் தொட்டில வளருது. தப்பு செடியோடது இல்ல, என்ன வியாதின்னு தெரியாமலே அரைச்சுக் குடிச்ச எங்களோடது. அதே தப்பை எத்தனை வீட்ல பண்றாங்கன்னு பார்க்கும்போது மனசு கேக்க மாட்டேங்குது, அதான் உக்காந்து எழுதுறேன்.

முதல் தப்பு, பெரிய தப்பும் இதுதான்: மஞ்சள் காமாலையை ஒரு வியாதின்னு நினைக்கிறது. அது வியாதி இல்லைங்க, அடையாளம். ஜுரம் எப்படி நூறு காரணத்தால வருதோ அப்படித்தான் இதுவும். ரத்தத்துல பிலிருபின்னு ஒரு மஞ்சள் பொருள் இருக்கு, பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வர்றது, ஈரல் அதை எடுத்து பித்தத்தோட சேர்த்து குடலுக்கு அனுப்பிடும். 100 மில்லி ரத்தத்துல சாதாரணமா 1 மில்லிகிராம் பக்கத்துலதான் இருக்கும், அது ஏறக்குறைய 3-ஐத் தொடும்போது கண்ணுல மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். இப்ப யோசிச்சுப் பாருங்க, ரத்த அணு அளவுக்கு மீறி உடைஞ்சாலும் மஞ்சள் வரும், ஈரல் வைரஸாலயோ குடியாலயோ மாத்திரையாலயோ கெட்டாலும் வரும், ஈரல் நல்லா இருந்து வெளிய போற குழாய் மட்டும் அடைச்சாலும் வரும். அடைப்புக்கு கல்லு காரணமா இருக்கலாம், கணையத்துல கட்டி இருக்கலாம். அப்படி அடைச்சா பித்தம் குடலுக்கு வராம மோஷன் வெளுத்துப் போகும், உடம்பும் அரிக்கும், எங்க பெரியப்பாவுக்கு ஆன மாதிரி. மழைக்காலத்துல தேங்கின தண்ணில நடந்துட்டு வர்றவங்களுக்கு எலிக்காய்ச்சல்லயும் கண்ணு மஞ்சளாகும், அதுக்கு ஆன்டிபயாடிக் போட்டே ஆகணும், லேட் பண்ணா கிட்னியும் சேர்ந்து போயிரும். குழாயை அடைச்சுக்கிட்டு நிக்கிற கல்லை எந்த இலையை அரைச்சுக் குடிச்சா எடுக்க முடியும் சொல்லுங்க.

அப்ப எப்படி இத்தனை பேருக்கு கீழாநெல்லி குடிச்சு சரியாச்சுன்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல அதிகமா வர்ற காமாலை ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸால வர்றது, கெட்ட தண்ணி, கெட்ட சாப்பாடு வழியா வரும். இதுல பெரும்பாலானவங்களுக்கு ரெஸ்ட் எடுத்தா சில வாரத்துல தானாவே சரியாயிடும். மருந்து குடிச்சாலும் சரியாகும், குடிக்காட்டியும் சரியாகும், பேரு கடைசியா குடிச்ச மருந்துக்குப் போகும். கீழாநெல்லில ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல வரல. பிலாந்தின், ஹைப்போபிலாந்தின்னு அதுல இருக்கிற பொருட்கள் ஈரல் செல்லைக் காப்பாத்துதுன்னு எலிகள்ல பண்ண சோதனைல பார்த்திருக்காங்க. நம்ம சென்னைல தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு 1976-ல நோபல் வாங்கின பிளம்பெர்க்கோட சேர்ந்து ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 1988-ல லான்செட் பத்திரிகைல வந்தது. வைரஸ் உடம்புல தங்கிப் போனவங்களுக்கு காய்ஞ்ச கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் தினம் மூணு வேளை 30 நாள் குடுத்ததுல 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல வைரஸோட மேலுறை அடையாளம் மறைஞ்சுது, மருந்தே இல்லாத டம்மி மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் மறைஞ்சுது. எவ்வளவு பெரிய நம்பிக்கை பாருங்க. ஆனா அதுக்கப்புறம் வேற ஊர்கள்ல, வேற நாடுகள்ல திரும்பப் பண்ணிப் பார்த்தப்ப அந்த மாதிரி ரிசல்ட் கிடைக்கல. இன்னைக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறவங்களுக்கு வைரஸை அடக்கி வைக்க நல்ல மாத்திரைகள் இருக்கு. "கீழாநெல்லி போதும்னு விஞ்ஞானமே சொல்லிருச்சு"ன்னு யாராவது ஃபார்வர்டு அனுப்பினா அந்த 1988 கதையோட முதல் பாதியை மட்டும் சொல்றாங்கன்னு புரிஞ்சுக்கோங்க, அதை நம்பி மாத்திரையை நிறுத்தினா ஈரல் திடீர்னு மோசமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது செடியைத் தெரியாம பறிக்கிறது. கீழாநெல்லி முழங்கால் உயரம்கூட வளராது, இலை புளிய இலை மாதிரி சின்னதா வரிசையா இருக்கும், அந்த இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தா அடிப்பக்கம் கடுகை விடக் கொஞ்சம் பெருசா பச்சைக் காய் வரிசையா தொங்கும், நெல்லிக்காயோட குட்டி மாதிரி. கீழே காய்க்கிற நெல்லி, அதான் பேரே. காய் வழவழன்னு குட்டிக் காம்போட இருக்கணும், இலையை மென்னா நல்லா கசக்கணும். இதே ஜாடைல தண்டு சிவப்பா, காய் சொரசொரன்னு காம்பில்லாம ஒட்டிக்கிட்டு இருக்கிற இன்னொரு செடி இருக்கு, அது இதோட சொந்தக்காரச் செடி, இது இல்ல. மேலாநெல்லி வேற. வயக்காட்டுல இவங்க எல்லாரும் ஒண்ணா வளருவாங்க. மார்க்கெட்ல கட்டு கட்டா விக்கிறதுலயும் கலந்துதான் வரும், அதனால காயோட இருக்கிற செடியை ஒவ்வொண்ணா திருப்பிப் பார்த்துதான் எடுக்கணும், காய் இல்லாத இளஞ்செடின்னா விட்டுருங்க.

பறிக்கிற இடமும் முக்கியம். இது மழைக்கு முளைக்கிற களைச்செடி, சாக்கடை ஓரம், ரோட்டு ஓரம், களைக்கொல்லி அடிச்ச வரப்பு எங்கயும் வரும். ரெண்டு நாள் முன்னாடி மருந்தடிச்ச பருத்திக்காட்டு ஓரத்துல பறிச்சு ஈரல் கெட்ட மனுஷனுக்கே குடுக்கிறோம், அந்த விஷத்தையும் அதே ஈரல்தானே சுத்தம் பண்ணணும். வீட்ல ஒரு தொட்டில மண்ணு போட்டு விதையைத் தூவுங்க, தானா வரும், அதுதான் நிம்மதி.

அரைக்கிற கட்டத்துல நடக்கிற ஒரு தப்பை யாருமே கவனிக்கிறதில்லை, மோர்ல ஊத்துற தண்ணி. வைரஸ் காமாலைன்னா பெரும்பாலும் வந்ததே தண்ணியாலதான், திரும்ப அதே குழாய்த் தண்ணியைக் கொதிக்க வைக்காம மோர்ல ஊத்தி மருந்து கலக்குறோம். அந்த டம்ளரைக் கழுவி அடுத்தவங்க குடிக்கிறாங்க, வீட்ல ரெண்டாவது ஆளுக்கும் வந்துருது. மஞ்சள் தெரியுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ரெண்டு வாரம், தெரிஞ்ச பிறகு ஒரு வாரம் வரைக்கும் மலத்துல வைரஸ் போய்க்கிட்டே இருக்கும், அதனால சோப்பு போட்டு கை கழுவுறது மருந்தை விட முக்கியம். இன்னொண்ணு, காமாலைக்கு நல்லதுன்னு ரோட்டோரக் கரும்பு ஜூஸை ஐஸ் போட்டு வாங்கிக் குடுக்கிறாங்க. அந்த ஐஸ் எந்தத் தண்ணில பண்ணதுன்னு யாருக்கும் தெரியாது, தயவுசெஞ்சு வேண்டாம். பத்தியம்னு சோறு, பருப்பு, உப்பு எல்லாத்தையும் நிறுத்துறதும் தப்பு. ஈரல் ஆறி வர்றதுக்கு சாப்பாடு வேணும், குமட்டல் இருந்தா கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவை குடுக்கலாம், சாராயம் மட்டும் சுத்தமா கூடாது.

சில வீட்ல கீழாநெல்லியோட ஆமணக்கு இலைக் கொழுந்து, கரிசலாங்கண்ணி, இன்னும் பேர் தெரியாத ரெண்டு மூணு இலை எல்லாம் சேர்த்து அரைக்கிறாங்க. பேர் சொல்ல மாட்டேன், சொன்னா பலிக்காதுன்னு சொல்லிக் குடுக்கிற மருந்தை வாங்கவே வாங்காதீங்க, நாளைக்கு உடம்புக்கு ஏதாவது ஆனா டாக்டர் கேக்கும்போது என்ன பதில் சொல்லுவீங்க? சுண்ணாம்புத் தண்ணில கையைக் கழுவி மஞ்சள் இறங்குதுன்னு காட்டுறது, மூக்குல சாறு விட்டு மஞ்சத்தண்ணி கொட்ட வைக்கிறது, கைல சூடு போடுறது, இதெல்லாம் இன்னும் நடக்குது. பட்டைச் சாறு தடவின கைல சுண்ணாம்புத் தண்ணி பட்டா யார் கையா இருந்தாலும் மஞ்சளாத்தான் ஆகும். மூக்குல கொட்டுறது உள்சவ்வு எரிஞ்சு வழியுற நீர், பிலிருபின் மூக்கு வழியா இறங்கிப் போற பொருள் இல்ல. சூட்டுப் புண்ணு சீழ் பிடிச்சா அது தனி அவஸ்தை.

மாத்திரை சாப்பிடுறவங்க கொஞ்சம் நின்னு படிங்க. கீழாநெல்லி சர்க்கரையைக் குறைக்கலாம், சிறுநீரை அதிகமாக்கலாம், பிரஷரையும் கொஞ்சம் இறக்கலாம். ஏற்கனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க, காமாலைல சாப்பாடும் இறங்காம இருக்கும்போது வெறும் வயித்துல இதையும் குடிச்சா சர்க்கரை சட்டுனு இறங்கி மயக்கம் போடலாம், வேர்த்துக் கொட்டி கை நடுங்குச்சுன்னா உடனே இனிப்பு ஏதாவது குடுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களும் ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சவங்களும் டாக்டர்கிட்ட சொல்லாம தொடவே கூடாது. ஜுரத்துக்குன்னு பாராசிட்டமாலைத் தானா வாங்கி மேல மேல போடுறதும் அடிபட்ட ஈரல் மேலயே அடிக்கிற மாதிரி.

கர்ப்பமா இருக்கிற பொண்ணுக்கு காமாலைன்னா ஒருநாள்கூட வீட்ல வெச்சுக்காதீங்க. ஹெபடைடிஸ் இ மத்தவங்களுக்கு சாதாரணமா வந்து போறது, கடைசி மூணு மாசத்துல இருக்கிற தாய்க்கு வந்தா 100-க்கு 20, 25 பேர் வரைக்கும் உயிர் போற அளவுக்கு மோசமாகும். பிறந்த குழந்தைக்கு ரெண்டாவது மூணாவது நாள் லேசா மஞ்சள் வர்றது சகஜம், ஆனா பிறந்து 24 மணி நேரத்துக்குள்ள வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் இறங்கினாலோ, பால் குடிக்காம தூங்கிக்கிட்டே இருந்தாலோ உடனே காட்டணும், பிலிருபின் ரொம்ப ஏறினா மூளையைப் பாதிச்சிரும், அது திரும்ப சரியாகாது. நீல லைட்டுக்குக் கீழ படுக்க வெச்சா பெரும்பாலும் குறைஞ்சிடும். காலை வெயில்ல காட்டினா போதும்னு உக்காந்திருக்காதீங்க, நாக்குல கீழாநெல்லி தடவுறது வேண்டவே வேண்டாம்.

இப்ப புதுசா ஒரு பழக்கம், ஒண்ணுமே இல்லாதவங்க ஈரலைச் சுத்தம் பண்றேன்னு கீழாநெல்லிப் பொடியை மாசக்கணக்கா, வருஷக்கணக்கா சாப்பிடுறாங்க, வாரக்கடைசில குடிச்சிட்டு திங்கக்கிழமை கீழாநெல்லி ஜூஸ். நம்ம பாட்டிங்க மூணு நாள், ஏழு நாள்னு கணக்கு வெச்சுக் குடுத்தாங்களே, தினசரி காபி மாதிரி யாரும் குடிச்சதில்லையே. கொரோனா சமயத்துல சீந்தில் கஷாயத்தை நாள் தவறாம குடிச்ச சிலருக்கு ஈரல் அடி வாங்கினதா 2021-ல மும்பை டாக்டர்கள் எழுதினாங்க, ஆயுஷ் அமைச்சகம் அதை ஒத்துக்கல. நான் சொல்றது இவ்வளவுதான், மூலிகைன்னா எவ்வளவு குடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுங்கிற நம்பிக்கை வேண்டாம்.

கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சா மொதல்ல எல்.எஃப்.டி, அதாவது ஈரல் எப்படி இருக்குன்னு பார்க்கிற ரத்த டெஸ்ட் எடுங்க, அதுல டைரக்ட் பிலிருபின், இன்டைரக்ட் பிலிருபின் ரெண்டும் தனித்தனியா வரணும், கூடவே ஹெபடைடிஸ் பி டெஸ்ட், ரத்தம் சரியா உறையுதான்னு பார்க்கிற ஐ.என்.ஆர் டெஸ்ட், ஒரு வயிறு ஸ்கேன். அரசு ஆஸ்பத்திரிலயே எடுத்துக்கலாம். அடைப்பு இல்ல, சாதாரண வைரஸ்தான், மோசமாகலன்னு தெரிஞ்ச பிறகு கீழாநெல்லி எடுக்கணும்னு ஆசையா இருந்தா படிச்ச சித்த மருத்துவர்கிட்ட போங்க, நிறைய அரசு ஆஸ்பத்திரில சித்தா பிரிவு இருக்கு, தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கு, பாளையங்கோட்டைல சித்தா காலேஜ் இருக்கு. டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கைல எடுத்துட்டுப் போங்க, சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் காட்டுங்க. நடுவுல ஆள் உளறினாலோ, பகல்ல தூங்கி ராத்திரில முழிச்சிருந்தாலோ, நிக்காம வாந்தி எடுத்தாலோ, பல் ஈறுல ரத்தம் வந்தாலோ, வயிறு வீங்கினாலோ எந்த வைத்தியமா இருந்தாலும் விட்டுட்டு ஆம்புலன்ஸ்தான்.

பெரியப்பாவுக்கு இப்ப 66 வயசு. அந்த தொட்டிச் செடியைப் பார்த்துட்டு யாராவது கேக்க வந்தா உடனே பறிச்சுக் குடுக்க மாட்டாரு. உக்கார வெச்சு, அன்னைக்கு வெக்கப்பட்டு தான் சொல்லாம விட்ட ரெண்டு விஷயத்தைத்தான் கேப்பாரு: "மோஷன் என்ன கலர்ல போகுது? உடம்பு அரிக்குதா?" அப்புறம், "ஸ்கேன் எடுத்துட்டு வா, செடி இங்கதான் இருக்கும்"பாரு.