மக்காச்சோளம் உண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டுத் திரும்புபவர்கள் வழியில் ஒரு கப் ஸ்வீட் கார்ன் சாப்பிடுவதும், வீட்டுக்கு வந்து வழக்கமான அளவிலேயே இரவுச் சோறு உண்பதும் சாதாரணமாக நடப்பவை. முதல் தவறு இதில்தான் இருக்கிறது. மக்காச்சோளத்தைக் காய்கறிக் கணக்கிலோ கொறிக்கும் பண்டத்தின் கணக்கிலோ சேர்த்துவிடுகிறோம். உண்மையில் அது அரிசியையும் கேழ்வரகையும் போன்ற தானியம். வேகவைத்த ஸ்வீட் கார்ன் 100 கிராமில் ஏறத்தாழ 95 கலோரியும், 20 கிராமுக்குச் சற்று மேல் மாவுச்சத்தும் உள்ளன. நீரிழிவு உள்ளவர்கள் அதை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு கதிர் தின்ற வேளையில் சோற்றைக் குறைத்துக்கொண்டால் போதும். அதையே பொரியலாக்கிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதுதான் வம்பு. மணி முற்றும் முன்பே பறிக்கப்படும் பேபி கார்னில் மாவுச்சத்து மிகக் குறைவு என்பதால், அதைக் காய்கறியாகவே கொள்ளலாம்.

சேர்மானத்தை மறந்துவிடுவது அடுத்த தவறு. கடற்கரையோரம் கரியில் சுட்ட கதிரின் மேல், உப்பும் மிளகாய்த்தூளும் ஒட்டிய எலுமிச்சை மூடியை வண்டிக்காரர் அழுத்தித் தேய்க்கும்போது, இரத்த அழுத்தம் உள்ளவர் உப்பைக் குறைக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்வீட் கார்ன் கப்பில் சேர்க்கும் வெண்ணெயை மட்டும் முழுமையாகக் குறைகூற முடியாது. மஞ்சள் மணிகளில் உள்ள லூட்டீன், சியாசாந்தின் ஆகிய நிறமிகள் விழித்திரைக்கு உகந்தவை. அவற்றை உடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். அதற்குச் சிறிதளவே போதும்; கடைக் கப்பில் விழுவது அதைவிட அதிகம்.

மக்காச்சோளத்திலிருந்து செய்த அனைத்தையும் ஒன்றாகப் பாவிப்பதும் சரியன்று. கார்ன் பிளேக்ஸில் தவிடும் முளையும் பெருமளவு நீக்கப்பட்டிருப்பதால், அது முழு மணியைவிட வேகமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றும். காலிபிளவர் வறுவலுக்குப் பூசும் கார்ன் பிளவரோ வெறும் மாவுச்சத்து. அதில் நார்ச்சத்தைத் தேடிப் பயனில்லை.

மக்காச்சோளத்தையே முழு உணவாக்குவதன் விளைவை வரலாறு காட்டியிருக்கிறது. அதிலுள்ள நியாசின் என்னும் பி வைட்டமின் பெரும்பாலும் உடலுக்குக் கிடைக்காத வகையில் பிணைந்திருக்கிறது. லைசின், டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலங்களும் குறைவு. மெக்சிகோ மக்கள் தொன்றுதொட்டுச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்த நியாசினை விடுவித்துக்கொண்டார்கள். அந்த முறையை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் ஏற்ற அமெரிக்கத் தென்மாநில ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் தாக்கியது. அது தொற்றுநோயன்று, உணவுக் குறையால் வருவது என்று 1914 முதல் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் நிறுவினார். காசிமேட்டு மீனும் பருப்புக் குழம்பும் இலையில் விழும் வீடுகளுக்கு இந்த அச்சம் தேவையில்லை. ஆனால் உடல் இளைக்க வேண்டும் என்று வாரக்கணக்கில் இரவுக்கு மக்காச்சோளம் மட்டுமே உண்பவர்கள், கொஞ்சம் பயறோ முட்டையோ சேர்த்துக்கொள்வது நல்லது.

காய்ந்த மணிகளை ஈரக்காற்றில் திறந்து வைப்பதே இவற்றுள் மிகவும் ஆபத்தான தவறு. பூசணம் பிடித்த மணியில் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு உண்டாகலாம். வீட்டுச் சமையலின் சூட்டில் அது முழுதாக அழியாது. ஆகவே அத்தகைய மணிகளைக் கழுவியோ வறுத்தோ பயன்படுத்தாமல் கொட்டிவிட வேண்டும்.

குழந்தையின் மலத்தில் மணி முழுதாக வெளிவந்தால் பதற வேண்டாம். செரிக்காத மேல்தோல்தான் பெரும்பாலும் அப்படித் தோன்றும். மென்று தின்னப் பழக்கினால் அது குறையும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாப்கார்ன் மூச்சுக்குழலில் சிக்கக்கூடும் என்பதால், அதைக் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.