உத்யம் சான்றிதழ்: புதிதாகத் தொழில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு மத்திய அரசு தரும் பதிவுதான் உத்யம். இதற்குக் கட்டணமே கிடையாது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பதிவுக்கு ஆவணம் எதையும் ஸ்கேன் செய்து ஏற்றவும் தேவையில்லை. ஆதார், பான், ஜி.எஸ்.டி. கட்டாயம் உள்ளவர்களுக்கு அந்த எண், இவ்வளவுதான். அப்படியிருந்தும் முதலீட்டுக்கே திண்டாடுகிறவர்கள் யாரிடமோ பணம் கட்டி இதை வாங்குவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். சான்றிதழுக்குக் காலாவதியும் கிடையாது. புதுப்பிக்கப் பணம் கட்டச் சொல்லி போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

ஆதாரிலும் பானிலும் பெயர் வேறு வேறாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதைவிடப் பெரிய தவறு, பதிவு செய்து தருபவரின் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் படிவத்தில் போட விடுவது. பிறகு முகவரியை மாற்றவோ சான்றிதழை மறுபடி எடுக்கவோ போனால் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அவர் எண்ணை மாற்றிவிட்டால் அலைச்சல் உங்களுக்கு.

அதிகம் சறுக்குவது தொழில் வகையில்தான். வீட்டில் ஊறுகாய் போட்டு விற்பவர் உற்பத்தியாளர். ‘விற்கிறோம்தானே’ என்று வணிகம் என்று குறித்துவிட்டால் பெரிய சலுகை ஒன்று கைவிட்டுப் போகும். வாங்கி விற்கும் வியாபாரிகளை 2021 ஜூலையில் உத்யத்தில் சேர்த்தார்கள். ஆனால் அவர்களுக்கு வங்கிகளின் முன்னுரிமைக் கடன், அதாவது குறிப்பிட்ட துறைகளுக்கு வங்கிகள் கட்டாயம் ஒதுக்க வேண்டிய கடன், மட்டும்தான். உற்பத்தி, சேவை செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்கோ, சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதனால் உங்கள் தொழில் எந்த வகை என்று காட்டும் என்.ஐ.சி. குறியீட்டு எண்ணைப் பொறுமையாகத் தேடி எடுங்கள். இரண்டு மூன்று வேலை செய்கிறீர்களா? எல்லாவற்றையும் ஒரே பதிவில் சேர்க்கலாம். ஒரு நிறுவனத்துக்கு இரண்டாவது பதிவு கூடாது.

முதலீடு கேட்கும் இடத்தில் இடம், கட்டடம், மேசை நாற்காலி விலையைச் சேர்க்காதீர்கள். இயந்திரம், கருவிகளின் விலை மட்டும் போதும், அதுவும் ஜி.எஸ்.டி. நீங்கலாக. வருமானவரிக் கணக்கு இன்னும் தாக்கல் செய்யாத புது நிறுவனம் என்றால் நீங்கள் சொல்வதே கணக்கு. பில்களைப் பத்திரமாக வையுங்கள். 2025 ஏப்ரல் முதல் முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம்தான்.

சரி, சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. இதையே உரிமம் என்று நினைத்துக் கடை திறந்துவிடாதீர்கள். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு தனி, உள்ளாட்சி உரிமம் தனி, விற்றுமுதல் வரம்பைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. தனி.

அப்புறம், உத்யம் எண்ணை உங்கள் பில்லில் அச்சிடுங்கள். பதிவுக்கு முன்பே சரக்கு கொடுத்துவிட்டால், அந்தப் பணத்துக்கு மேலே சொன்ன 45 நாள் கெடு, வட்டிப் பாதுகாப்பு உண்டா என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டிவரும். ஆகவே முதல் ஆர்டரை அனுப்பும் முன்பே பதிந்துவிடுங்கள்.