செட்டிநாட்டில் முதல் அரசு டெண்டர் எடுத்திருக்கிறீர்களா? கூலிக் கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்

வீட்டு வேலை எடுத்துப் பழகியவர்கள் முதல் தடவை அரசு வேலைக்கு வரும்போது தடுமாறுவது கலவையிலோ கம்பியிலோ அல்ல, சம்பளக் கணக்கில்தான். ஊரணிக்குப் படித்துறை, அங்கன்வாடிக் கட்டடம், பள்ளி வகுப்பறை, வடிகால் என்று வேலை எதுவானாலும் இது பொருந்தும். கூலி குறைவாகக் கிடைத்தது என்று ஒரு தொழிலாளி மனுக் கொடுத்தால், முழுதாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை அவர் கேட்கலாம். அதனால் கூலி கொடுத்தால் மட்டும் போதாது. யாருக்கு, எந்த நாளுக்கு, எவ்வளவு என்று காட்டவும் முடிய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

படி 1: எந்தக் கூலி விகிதம் என்று பாருங்கள்

முதலில் வேலை யாருடையது என்று பார்க்க வேண்டும். காரைக்குடி மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியம், பொதுப்பணித் துறை என்றால் தமிழ்நாடு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. ரயில்வே வேலை, காரைக்குடியில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி வளாகத்து வேலை என்றால் மத்திய அரசின் விகிதம். இரண்டும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் அடிப்படைக் கூலியோடு சேரும் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று மாறும். மத்திய அரசில் ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று இரண்டு தடவை மாறும். பிப்ரவரியில் தொடங்கிய வேலை ஜூன் வரை இழுத்தால், நடுவில் கூலி ஏறிவிடும். பழைய விகிதத்திலேயே எழுதிக்கொண்டு போனால் ஏப்ரல் முதல் ஒவ்வொரு நாளும் பாக்கி சேரும்.

இங்கே நிறையப் பேர் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். எஸ்டிமேட் போடும்போது பார்க்கிற விலை விகிதப் பட்டியலிலும் கொத்தனார், சித்தாள் கூலி இருக்கும். அது வேலையின் மதிப்பைக் கணக்கிடுவதற்கு. நீங்கள் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி தொழிலாளர் துறை அறிவிக்கையில் இருக்கிறது. அதைப் பதிவிறக்கி, அச்செடுத்து, சைட்டில் ஆட்கள் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். படித்துச் சொல்ல ஒருவராவது இருப்பார்.

படி 2: ஆள் வருவதற்கு முன் பேரேடு

பேரேடு எழுதுவது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகப் பற்று வரவு எழுதி, ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்ட ஊர் இது. தொழிலாளிக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வயது, ஊர், செய்யும் வேலை, பேசிய நாள் கூலி, ஆதார், வங்கிக் கணக்கு, வேலைக்குச் சேர்ந்த தேதி. வெளிமாநிலத்து ஆட்களானால் ஆதாரிலும் பாஸ் புக்கிலும் பெயர் வேறு வேறாக இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். மூன்றாவது வாரம் பணம் திரும்பி வந்த பிறகு அதைத் தேடுவது பெரிய அலைச்சல்.

கூலி பேசும்போதே ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். கொத்தனாருக்கு ஊர் வழக்குக் கூலி பெரும்பாலும் அரசு விகிதத்துக்கு மேலேதான் இருக்கும். அங்கே சிக்கல் குறைவு. அடிபடுவது சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள். ஒரே சாரத்தில், ஒரே கலவையைச் சுமக்கிற ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு நூறு ரூபாய் குறைவு என்பது பல சைட்டுகளில் யாரும் கேள்வி கேட்காத வழக்கமாக இருக்கிறது. ஒரே வேலைக்குப் பெண் என்பதற்காகக் கூலி குறைப்பதைச் சட்டம் தடை செய்கிறது. 'அவரே ஒத்துக்கொண்டுதான் வந்தார்' என்பது செல்லாது; சட்டம் தந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தமே செல்லாது. சட்டத்தை விடுங்கள், அந்த நூறு ரூபாய் அவருடைய உழைப்பு. உங்கள் லாபம் அதிலிருந்து வரக் கூடாது.

படி 3: வருகையை அன்றன்றைக்கே எழுதுங்கள்

காலையில் ஒரு தடவை, வேலை முடிந்ததும் ஒரு தடவை. சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்தை மொத்தமாக நிரப்பினால் பார்த்தாலே தெரிந்துவிடும், எல்லா நாளும் ஒரே பேனா, ஒரே கை. எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் எத்தனை மணி என்று தனிப் பத்தியில் எழுதுங்கள்.

படி 4: கணக்குப் போடுவது

விளங்குவதற்காக ஒருவருக்கு நாள் கூலி 560 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 70. மிகை நேரத்துக்குக் குறைந்தது இரண்டு மடங்கு, அதாவது 140. கான்கிரீட் போட்ட அன்று இரண்டு மணி நேரம் கூட நின்றால் 280. ஆறு நாள் கூலி 3,360, மொத்தம் 3,640. டீ, வடை வாங்கிக் கொடுத்ததெல்லாம் மிகை நேரக் கூலி ஆகாது.

முன்பணம் கொடுத்திருந்தால் பிடிக்கலாம், ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தக் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. எவ்வளவு பிடித்தீர்கள், இன்னும் எவ்வளவு பாக்கி என்று சம்பளச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள்.

படி 5: பணம் அவரவர் கைக்கே போக வேண்டும்

பத்து ஆட்களின் கூலியையும் மொத்தமாக மேஸ்திரியிடம் கொடுத்து, 'பிரித்துக் கொடுத்துவிடு அண்ணே' என்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். மேஸ்திரி நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் பத்துப் பேரில் ஒருவர் வாங்கவில்லை என்று சொன்னால் உங்களிடம் காட்ட என்ன இருக்கிறது? மேஸ்திரி பெயருக்குப் போன ஒரே ஒரு ஜிபே ரசீது. அதில் அந்தத் தொழிலாளியின் பெயரே இருக்காது.

எனவே ஒவ்வொருவரின் வங்கிக் கணக்குக்கும் நேரடியாக அனுப்புங்கள். மேஸ்திரிக்குத் தர வேண்டியதை உங்கள் கையிலிருந்து தனியாகக் கொடுங்கள். ஆட்களின் கூலியில் தலைக்கு இவ்வளவு என்று அவர் எடுத்துக்கொள்ள விடாதீர்கள். வங்கிக் கணக்கே இல்லாதவருக்கு ரொக்கமாகக் கொடுக்கலாம், தடையில்லை. நீங்களோ உங்கள் கணக்குப்பிள்ளையோ நின்று கொடுத்து, தொகைக்கு நேரே கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்குங்கள். வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பது மோசடி, அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

வாரக் கூலி என்றால் வார விடுமுறைக்கு முன் கொடுத்துவிட வேண்டும். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். கொப்புடையம்மன் திருவிழாவோடு ஊருக்குக் கிளம்பி, இனி வரமாட்டேன் என்கிறவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். 'பில் இன்னும் பாஸாகவில்லை' என்பது காரணமாகாது. அரசு பில் தாமதமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் கருத்து, ஆறு வாரக் கூலியாவது கையில் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கொடுக்கத் தவறினால் துறையே தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு உங்கள் பில்லில் கழித்துக்கொள்ளலாம். குறைத்துக் கொடுத்தது நிரூபணமானால் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

படி 6: பி.எஃப்., இ.எஸ்.ஐ.

எல்லா சைட்டும் சேர்த்து 20 பேர் ஆகிவிட்டால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்ட வேண்டும்; இ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 10 பேர் ஆனாலே போதும். டெண்டர் ஆவணம் முன்பே பதிவு கேட்டிருந்தால் அதன்படி நடங்கள். மேலே சொன்ன 560 ரூபாய்க்காரர் 26 நாள் வந்தால் 14,560. பி.எஃப்.க்கு அவர் பங்கு 12 சதவீதம், 1,747 ரூபாய். நிர்வாகக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து உங்கள் பக்கம் 13 சதவீதம், 1,893 ரூபாய். இந்த 1,893ஐ டெண்டரில் விலை போடும்போதே சேர்க்காதவர்கள் பிறகு ஆள் கணக்கைக் குறைத்துக் காட்டப் பார்க்கிறார்கள். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி 0.75, நீங்கள் 3.25 சதவீதம். இரண்டுக்கும் அடுத்த மாதம் 15ஆம் தேதிதான் கெடு.

படி 7: நலநிதியும் வாரிய அட்டையும்

கட்டுமான நலநிதி 1 சதவீதத்தை உங்கள் பில்லிலேயே பிடித்துவிடுவார்கள். அதைத் தொழிலாளியின் கூலியில் திருப்பிப் பிடிக்கக் கூடாது. அந்தப் பணம் போய்ச் சேருவது அவர்களுடைய நல வாரியத்துக்குத்தான், ஆனால் வாரியத்தில் பதிவு செய்தவருக்கே பிள்ளைகளின் படிப்பு உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் எல்லாம் கிடைக்கும். 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, ஓர் ஆண்டில் 90 நாள் கட்டுமான வேலை பார்த்திருக்க வேண்டும். உங்கள் வருகைப் பதிவில் அந்த நாட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வேலை முடியும் வாரத்தில் ஒவ்வொருவரிடமும் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாதவருக்கு, எத்தனை நாள் உங்களிடம் வேலை பார்த்தார் என்று எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துக் கொடுத்தனுப்புங்கள்.