அருவிப் படங்களின் நடுவே விழுந்த ஊதாப் பட்டை

மே மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கேமராவோடு இருந்தேன். மரிப்போசா தோப்பில் எடுத்த செக்கோயா எனும் ராட்சத மரங்களின் படங்களில் ஒரு குறையும் இல்லை. 3,000 ஆண்டு வயது சொல்லப்படும் கிரிஸ்லி ஜயன்ட் என்ற மரத்தின் மரப்பட்டைச் சுருக்கங்கள்கூடத் துல்லியம். ஆனால் குக்ஸ் புல்வெளியிலிருந்து யோசெமிட்டி அருவியை (739 மீட்டர், பனி உருகி முழு வீச்சில்!) எடுத்த படங்களில் நடுவே வெளிறிய ஊதாப் பட்டை.

முதலில் சந்தேகப்பட்டது 10 ஸ்டாப் என்டி ஃபில்டரை (ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க, வெளிச்சத்தைக் குறைத்து லென்ஸின் முன் மாட்டும் கருங்கண்ணாடி). வீட்டுக்கு வந்ததும் நண்பரிடம் வேறொன்று வாங்கி மொட்டைமாடியில் எடுத்தேன், அதே பட்டை. லென்ஸை மாற்றினேன். சென்சார் சுத்தம் செய்யக் கொடுத்ததில் நாலு நாளும் காசும் போனதுதான் மிச்சம்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. காலை நிழலில் எடுத்த பிரைடல்வெயில் அருவியில் பட்டை இல்லை. ஃபில்டர் அதேதான். புல்வெளியில் மட்டும் வெயில் என் முதுகுப் பக்கம்.

லென்ஸை மூடிபோட்டு அடைத்து, இருட்டறையில் வியூஃபைண்டருக்குள் (கேமராவின் பின்னால் கண் வைத்துப் பார்க்கும் துளை) டார்ச் அடித்தபடி ஷட்டரை 30 வினாடி திறந்து வைத்தேன். கறுப்பாக வரவேண்டிய படத்தில் அதே ஊதா! 1/100 வினாடியில் தெரியாத கசிவு, ஃபில்டர் போட்டு 10 வினாடி திறந்தால் பதிந்துவிடுகிறது. டிரைபாடில் வைத்துவிட்டு நான் கண்ணை எடுத்துவிடுவதால் வெளிச்சம் பின்வழியாகப் புகுந்திருக்கிறது.

கேமரா ஸ்ட்ராப்பில் கோத்திருந்த சின்ன ரப்பர் துண்டு வியூஃபைண்டரை மூடத்தானாம். ஐந்து வருஷமாக அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். அதை மாட்டியதும் பட்டை போயிற்று. அது தொலைந்துவிட்டால் கறுப்பு டேப் போதும்.